உப்பில் பிறந்த குழாய்

வீட்டில் மின்சாரம் நின்றால் மெழுகுவத்தி இருக்கிறது. சர்க்கரை தீர்ந்தால் அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் கைமாற்று வாங்கிக் கொள்ளலாம். ஆனால் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால்? அன்றைக்கு வீடு வீடாகவா இருக்கிறது! காலைக் காப்பியிலிருந்து இரவு பாத்திரம் தேய்ப்பது வரை எல்லாம் தலைகீழ்தான். இப்படி நம் குடும்ப நிம்மதியையே கையில் வைத்திருக்கும் அந்தக் குழாயை நாம் என்றைக்காவது நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா? சுவரோரமாக, சாம்பல் நிறத்தில், சாதுவாக நிற்கிறது. தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் போடுகிறது. 'பிளாஸ்டிக் குழாய்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அதற்கு ஒரு பெயர் உண்டு: பாலி வினைல் குளோரைடு. இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லிக் கூப்பிட நேரமில்லாமல், கடைக்காரரிலிருந்து கொத்தனார் வரை எல்லோரும் 'பி. வி. ஸி.' என்கிறார்கள். அதன் பிறப்பைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நாம் ரசத்தில் போடுகிறோமே, அதே உப்புதான் அதற்குத் தாய்! எடை போட்டுப் பார்த்தால் பி. வி. ஸி.யில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். அந்தக் குளோரின் உப்பிலிருந்து வருவது. பாக்கி 43 பங்குதான் எண்ணெயிலிருந்தோ, வேறு வழியிலோ கிடைக்கும் கரியும் ஹைட்ரஜனும்.

காவேரிக் கரையில் ஒரு பிறந்தகம்

தருமபுரி ஜில்லாவின் ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே 'ஹோ'வென்று விழுந்து புகையாய் எழும் காவேரி, அங்கிருந்து இறங்கி மேட்டூர் அணையில் வந்து தேங்குகிறது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. தருமபுரி அந்தக் காலத்தில் தனி ஜில்லா அல்ல. சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி காந்தி ஜயந்தியன்றுதான் தனிக்குடித்தனம் வந்தது.

அணை வந்ததும் மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்ததும் தொழிற்சாலைகள் வந்தன. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின் வாயு. காஸ்டிக் சோடா சோப்புக்கும், துணிக்கும், காகிதத்துக்கும் போகும். குளோரினை என்ன செய்வது? காற்றில் விட முடியாது; விஷ வாயு. அதற்கு ஒரு நல்ல வரன் தேட வேண்டியிருந்தது. அந்த வரன்களில் ஒன்றுதான் பி. வி. ஸி.

மேட்டூரில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் 1967-ல் பி. வி. ஸி. தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவிலுள்ள பி. எஃப். குட்ரிச் கம்பெனி தொழில் நுட்பம் கொடுத்து உதவியது. அப்போது நம்மிடம் பெட்ரோலிய ரசாயனத் தொழில் வளர்ந்திருக்கவில்லை. அதனால் மற்ற தேசங்களில் எண்ணெயிலிருந்து எடுத்த எதிலீன் வாயுவை, இங்கே சாராயத்திலிருந்து எடுத்தார்கள். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவுப் பாகைப் புளிக்கவைத்துக் கிடைப்பது அந்தச் சாராயம். உப்பும் கரும்பும் சேர்ந்து குழாயாகிவிட்டது, பாருங்கள்!

ஒரு திரைச்சீலையின் கதை

இந்தப் பொருளை முதன் முதலில் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை. 1872-ல் ஜெர்மன் விஞ்ஞானி பௌமன் என்பவர், வினைல் குளோரைடு வாயு இருந்த கண்ணாடிக் குடுவை வெயில் பட்டதும் உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தார். அமிலத்துக்கும் அசையவில்லை, எதிலும் எளிதில் கரையவில்லை. குறித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் அதனால் பெரிய உபயோகம் இல்லை.

1926-ல் வால்டோ ஸேமன் என்ற இளைஞர் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். ரப்பரையும் உலோகத்தையும் ஒட்டவைக்கப் பசை தேடிக்கொண்டிருந்தார். பி. வி. ஸி. தூளை எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை; ரப்பரைப் போல் வளைகிற, எகிறுகிற ஒரு பண்டம் கிடைத்தது. அதைத் துணியின் மேல் பூசினால் தண்ணீர் உள்ளே போகாது என்று அவருக்குத் தோன்றியது. மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்து, மேஜையிலிருந்த காகிதக் கட்டின் மேல் அந்தத் துணியை விரித்து, ஒரு கூஜாத் தண்ணீரையும் கொட்டிவிட்டாராம்! அதிகாரி பதறிப் போனார். துணியை எடுத்துப் பார்த்தால் காகிதம் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. குளியலறைத் திரைச்சீலையும் மழைக்கோட்டும் பிறந்த கதை இதுதான் என்று சொல்வார்கள். ஸேமன் நூறு வயது வரை வாழ்ந்து, 1999-ல் காலமானார்.

அதனால் பி. வி. ஸி.க்கு இரண்டு அவதாரங்கள். இளக்கும் எண்ணெய் சேர்க்காமல் விட்டால் கடினமானது: குழாய், ஜன்னல் சட்டம், கதவு. இளக்கும் எண்ணெய் சேர்த்தால் மிருதுவானது: மின்சாரக் கம்பியின் மேலுறை, ரெக்ஸின் பை, மேஜை விரிப்பு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் போன்ற குழாய். ஆஸ்பத்திரியில் ரத்தம் நிரப்பித் தொங்கவிடும் பையும் பெரும்பாலும் இந்த மிருதுவான பி. வி. ஸி.தான். கண்ணாடிப் புட்டி உடையும். இந்தப் பை உடையாது. ஒரே வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும்போல், குணம் மட்டும் வேறு!

முறுக்கு நாழியும் குழாய் ஆலையும்

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி உண்டு. வெல்லத்தைக் காய்ச்சினால் பாகாகும், ஆறினால் இறுகும், மறுபடி காய்ச்சினால் மறுபடியும் பாகு. இது ஒரு ரகம். இட்லி மாவை வேகவைத்தால் இட்லி. இட்லியை எத்தனை தரம் வேகவைத்தாலும் மாவாகாது. இது இன்னொரு ரகம். பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடி இட்லி ஜாதி. நம் பி. வி. ஸி. வெல்லத்தின் ஜாதி. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும்.

குழாய் ஆலையில் நடப்பதும் நமக்குப் பழக்கமான வேலைதான். முறுக்கு நாழியில் மாவை அழுத்தினால் அச்சின் துளை வழியாக வெளியே வருகிறதல்லவா? அதேபோல வெள்ளைத் தூளை இரும்பு உருளைக்குள் செலுத்தி, சூடேற்றி, திருகு ஒன்றினால் தள்ளுகிறார்கள். நடுவில் முளை வைத்த அச்சு வழியாக அது பொந்துள்ள குழாயாக வெளிவருகிறது. உடனே தண்ணீரில் குளிரவைத்து, நீளம் பார்த்து வெட்டிவிடுகிறார்கள்.

முறுக்கு மாவில் உப்பும் பெருங்காயமும் சேர்ப்பதுபோல, இந்தத் தூளிலும் சில சரக்குகள் சேர்க்க வேண்டும். வெறும் பி. வி. ஸி.யைச் சூடாக்கினால் அது சரியாக இளகுவதற்கு முன்பே கருகத் தொடங்கிவிடும். அது கருகாமல் காப்பாற்ற ஒரு காவல் சரக்கு தேவை. அந்தக் காவல்காரனால் ஒரு தொல்லையும் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரும்பைத் தோற்கடித்த குணங்கள்

ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய் என்றால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான். இருபதடி நீளம், ஓரங்குல வாயுள்ள அந்தக் குழாய் சுமார் 15 கிலோ எடை இருக்கும். அதே அளவு பி. வி. ஸி. குழாய் சுமார் 2 கிலோ. மரையிட்டு முறுக்க வேண்டாம். இரண்டு ஆள் வேண்டாம். பசை தடவிச் செருகினால் ஆயிற்று. அதைப் பசை என்று நாம் சொன்னாலும் அது வெறுமே ஒட்டுவதில்லை. இரண்டு பரப்பையும் கொஞ்சம் கரைத்து, ஒன்றோடொன்று கலந்து இறுகச் செய்கிறது. நன்றாகப் போட்ட மூட்டு, குழாயோடு குழாயாகிவிடும்.

துருப் பிடிப்பதில்லை என்பது இதன் பெரிய வரப்பிரசாதம். இரும்புக் குழாயின் உட்புறம் வருஷக் கணக்கில் துருவும் உப்பும் படிந்து, தண்ணீர் போகும் வழி சுருங்கிக்கொண்டே வரும். காலையில் குழாயைத் திறந்தால் காவி நிறத் தண்ணீர் வந்த நாட்கள் நம் பாட்டிமார்களுக்கு ஞாபகமிருக்கும். பி. வி. ஸி.யின் உட்புறம் வழுவழுப்பானது. தண்ணீர் தடையின்றி ஓடும். 1930-களின் நடுவில் ஜெர்மனியில் முதன் முதலாகத் தண்ணீருக்குப் பதித்த பி. வி. ஸி. குழாய்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன.

தருமபுரியின் தாகம்

இனி விஷயத்துக்கு வருவோம். தருமபுரி வறண்ட சீமை. அடியில் கெட்டிப் பாறை. கிணறுகள் வற்ற வற்ற, ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். துளையின் வாயில் மண் சரியாமலிருக்கப் பதித்தது பி. வி. ஸி. குழாய், மேலே தண்ணீர் ஏற்றவும் அதே குழாய். இலேசான குழாய் வந்ததும் ஆழத்துக்குப் போவது சுலபமாயிற்று. ஆனால் ஆழத்தில் இருந்தது வெறும் தண்ணீர் மட்டுமல்ல, ஃப்ளோரைடும் இருந்தது.

பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. பாறையோடு எவ்வளவு காலம் தண்ணீர் உறவாடுகிறதோ அவ்வளவுக்கு அது கூடுகிறது. கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்று உலக சுகாதார ஸ்தாபனம் எல்லை வகுத்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பல் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால், முளைக்கிற பல்லிலேயே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வந்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. வருஷக் கணக்கில் அதிகமாகக் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி, குனிய நிமிர முடியாமல் போகும். பெண்ணுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்க்கிற தேசம் நம்முடையது. அந்தக் கறை அவள் செய்த குற்றமா? தெருக் குழாய் செய்த வேலை!

இன்னொன்றையும் தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆற்று நீரில் இந்தத் தொல்லை இல்லை. ஜப்பானியக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவேரித் தண்ணீர் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. எல்லாவற்றையும் தாண்டி 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டு ஜில்லாக்களிலும் ஆயிரக் கணக்கான ஊர்களுக்கு, நாளொன்றுக்கு 16 கோடி லிட்டர் கொடுக்கும் அளவில் அமைத்த திட்டம் அது.

இம்மாதிரித் திட்டங்களில் பெரிய பாதைக்கு உருக்கும் வார்ப்பிரும்பும் வேண்டும். அங்கே அழுத்தம் அதிகம். ஊருக்குள் நுழைந்து, தெருத் தெருவாகப் பிரிந்து, வீட்டு வாசலுக்கு வருகிற கடைசி ஓட்டத்தில்தான் பி. வி. ஸி.யும் அதன் ஒன்றுவிட்ட சகோதரியான பாலிதீன் குழாயும் வருகின்றன. 2019-ல் மத்திய அரசு ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கொடுக்க முடிந்ததற்கு, விலை குறைந்த இந்தக் குழாய்களும் ஒரு காரணம். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நடந்த பெண்களுக்கு அது எத்தனை மைல் மிச்சம்!

ஆனால் குழாய்க்கு நல்லது கெட்டது தெரியாது. ஆற்று நீரை விட்டால் ஆற்று நீரைக் கொடுக்கும். ஆழ்கிணற்று நீரை விட்டால் ஃப்ளோரைடைக் கொடுக்கும். தண்ணீர் போதவில்லையென்று மேல்நிலைத் தொட்டியில் இரண்டையும் கலந்தால், பட்ட செலவில் பாதி வீண். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீர், மற்றவற்றுக்குக் கிணற்று நீர் என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் குடும்பத்துக்கு க்ஷேமம்.

வயலிலும் இந்தக் குழாய்க்கு வேலை உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்தில் பெரிய குழாய் பி. வி. ஸி.; செடிக்குச் செடி ஓடும் கறுப்புச் சுருள் பாலிதீன். பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளிக்கு வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினால் பாதித் தண்ணீர் மண்ணுக்கும் வெயிலுக்கும் போகும். குழாய் வழியாக வந்தால் வேருக்குப் போகும்.

குறையும் உண்டு

இத்தனை புகழ்ந்த பிறகு குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

முதலாவது, வினைல் குளோரைடு வாயு. குழாயாக மாறிய பிறகு சாதுவாக இருக்கும் இந்தப் பொருள், மாறுவதற்கு முன் பொல்லாதது. 1974-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரத்திலிருந்த குட்ரிச் ஆலையில் வேலை செய்த சிலருக்கு, மிக அபூர்வமான ஈரல் புற்றுநோய் வந்திருப்பது வெளிப்பட்டது. அதன் பிறகுதான் உலகமெங்கும் ஆலைகளில் அந்த வாயு வெளியேறாதபடி கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. நமக்குச் சௌகரியம் கிடைக்க, எங்கோ ஒரு தொழிலாளி விலை கொடுத்திருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, முன்னே சொன்ன காவல் சரக்கு. குழாய் கருகாமலிருக்க நம் நாட்டில் வெகுகாலம் ஈய உப்புகளைச் சேர்த்து வந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பரம சத்துரு. ஈயத்துக்குப் பதில் கால்ஷியமும் துத்தநாகமும் கலந்த சரக்கையோ, வெள்ளீயச் சரக்கையோ பயன்படுத்த முடியும். ஈய உபயோகத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல் விதிகள் கொண்டுவந்தது.

மூன்றாவது, நெருப்பு. பழைய குழாய்த் துண்டையும் ரெக்ஸின் பையையும் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்களே, அதைப்போல் தீங்கு வேறில்லை. உள்ளே அடங்கிக் கிடந்த குளோரின் அமிலப் புகையாகவும், டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சாகவும் வெளியே வரும். வெந்நீர் அடுப்பில் ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். பழைய சாமான்காரரிடம் போட்டால் உருக்கி வேறு பொருளாக்க வழியுண்டு. வெல்லத்தின் ஜாதி என்று சொன்னேனே!

வாங்கும்போது...

குழாய் வாங்குவது ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிட வேண்டாம். குழாயோடு தினமும் குடித்தனம் பண்ணுவது யார்?

குழாயின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், 4985 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். குடிநீருக்கான பி. வி. ஸி. குழாயின் தரத்தைக் குறிக்கும் எண் அது. கழிவு நீர்க் குழாய்க்கு எண் வேறு. மலிவாகக் கிடைக்கிறதென்று அதைக் குடிநீருக்குப் போடவே கூடாது. ஈயம் கலக்காததா என்றும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அழுத்தம். 4, 6, 10 என்று குழாயில் போட்டிருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பதன் கணக்கு அது. பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கீழே வரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ. மோட்டார் தள்ளும் குழாய்க்கு மேலும் வலு வேண்டும்.

வெந்நீருக்குச் சாதாரண பி. வி. ஸி. உதவாது. 45 டிகிரி ஸென்டிகிரேடுக்கு மேல் போனால் அதன் தெம்பு குறையும்; 80 டிகிரியை நெருங்கினால் துவண்டுவிடும். வெந்நீர்க் கருவியிலிருந்து வரும் பாதைக்கு, குளோரின் இன்னும் கூடுதலாகச் சேர்த்த ஸி. பி. வி. ஸி. என்ற குழாய் இருக்கிறது. அது சுமார் 90 டிகிரி வரை தாங்கும்.

வெயிலும் இதற்குச் சத்துரு. மாடியில் வருஷக் கணக்கில் வெயில் காய்ந்த குழாய் வெளுத்து, மொறமொறத்து, ஒரு நாள் மாடிப்படிப் பையன் காலால் தட்டினால் உடைந்துவிடும். ஒரு பூச்சு வர்ணம் அடித்தால் போதும், ஆயுள் நீளும். சூட்டில் இது இரும்பைவிட ஐந்து மடங்கு நீளும் தன்மையுடையது என்பதால், சுவரோடு இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் அசைய இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

புதுக் குழாய் போட்டதும் மூட்டுப் பசை நன்றாகக் காயவிட்டு, முதலில் வரும் தண்ணீரைச் செடிக்குக்கூட விடாமல் கழித்துவிடுங்கள். பசை வாசனை போன பிறகு குடத்தை வையுங்கள்.

உப்பிலிருந்து குளோரின், குளோரினிலிருந்து தூள், தூளிலிருந்து குழாய், குழாயிலிருந்து தண்ணீர். இத்தனை தூரம் வந்து நம் குடத்தில் விழுகிறது அந்தத் தாரை. பல் விளக்கும்போது குழாயை மூடாமல் பேச்சில் ஆழ்ந்துவிடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தருமபுரிச் சீமையில் ஒரு நல்ல குடம் தண்ணீர் வந்து சேர எத்தனை வருஷம் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கை தானாகக் குழாயை மூடப் போகும்!